டிரக்குக்கு வேறு டீசல் என்ஜின்: கணக்குப் போட வேண்டிய இடங்கள்

பாடியில் துரு இல்லை, சேசிஸ் வளையவில்லை, டிஃபரென்ஷியலில் சத்தமில்லை. என்ஜின் மட்டும் கையை விரித்துவிட்டது. டிரெய்லர் இழுக்கும் "முக்கால் டன்", "ஒரு டன்" வகை அமெரிக்க பிக்கப் டிரக்குகளில் அடிக்கடி வரும் நிலைமை இது. உடனே எழும் யோசனை, இதே என்ஜினுக்கு ஏன் திரும்பவும் செலவழிக்க வேண்டும், கம்மின்ஸ் நிறுவனத்தின் டீசல் என்ஜின் ஒன்றைத் தூக்கி உட்காரவைத்தால் என்ன என்பது. யோசனையில் தப்பில்லை. என்ஜினையும் என்ஜினையும் மட்டும் பக்கத்தில் வைத்துப் பார்த்து முடிவெடுப்பதில்தான் பணம் போகிறது. பின்னால் தொங்கும் கியர்பாக்ஸ், முன்னால் நிற்கும் ரேடியேட்டர், அடியில் இருக்கும் ஆக்ஸில், டேஷ்போர்டுக்குள் இருக்கும் கம்ப்யூட்டர், வண்டியின் பதிவுக் காகிதம் எல்லாம் சேர்ந்துதான் பில் தொகையை எழுதுகின்றன.

முதலில் தேவை எவ்வளவு என்று பார்ப்போம். வண்டியும் டிரெய்லரும் சேர்ந்து 9,000 கிலோ. சாலை 6 சதவீத ஏற்றம். மணிக்கு 72 கி.மீ. வேகத்தில் ஏற வேண்டும். எடையை மேலே தூக்க சுமார் 5,300 நியூட்டன், டயர் உருள 900, பெட்டிபோல நிற்கும் டிரெய்லரின் முகத்தில் மோதும் காற்றைத் தள்ள 1,200 நியூட்டன். இதை வேகத்தோடு பெருக்கினால் சக்கரத்தில் ஏறத்தாழ 148 கிலோவாட். வழியில் கியர்பாக்ஸும் ஆக்ஸிலும் தின்னும் 15 சதவீதத்தையும் சேர்த்தால் என்ஜின் கொடுக்க வேண்டியது 230 குதிரைத்திறனை ஒட்டி வரும். வேகத்தை 64 கி.மீ.க்குக் குறைத்தால் 200 போதும்.

1996 முதல் 1998 வரை டாட்ஜ் ராமில் கைக்கியரோடு வந்த 12 வால்வு கம்மின்ஸ் 215 குதிரைத்திறன். அது இந்தச் சுமையை 65 கி.மீ. சொச்சத்தில் ஏற்றிவிடும். 1989-ல் முதன்முதலாக டாட்ஜில் இறங்கிய அதே 5.9 லிட்டர் என்ஜினுக்கு 160 குதிரைத்திறன்தான். அதை மாற்றாமல் அப்படியே போட்டால் வேகம் 55 கி.மீ.க்குக் கீழே இறங்கும், பின்னால் லாரிகள் ஹார்ன் அடிக்கும். பெயர் ஒன்றுதான், இழுவை வேறு. "கம்மின்ஸ் போட்டிருக்கிறது" என்ற சொல்லுக்கு எந்த ஆண்டு, எந்த டீசல் பம்ப் என்று தெரியும் வரை அர்த்தம் கிடையாது.

பெட்ரோல் என்ஜினை எடுத்துவிட்டு டீசல் போடுகிறவர்களுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. டர்போ இல்லாத என்ஜின் ஒவ்வொரு 300 மீட்டர் உயரத்துக்கும் சுமார் 3 சதவீதத் திறனை இழக்கும். கொலராடோவில் ஐ-70 நெடுஞ்சாலையின் ஐசன்ஹோவர் சுரங்கப்பாதை கிட்டத்தட்ட 3,400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே போய்ச் சேரும்போது டர்போ இல்லாத 240 குதிரைத்திறன் என்ஜினிடம் 160 மிஞ்சும். டர்போ டீசல் அந்த இழப்பின் பெரும்பகுதியைக் காற்றைக் கூடுதலாக அழுத்தி ஈடுகட்டிவிடும். சமவெளியிலேயே ஓடும் வண்டிக்கு இந்த வாதம் செல்லாது. அங்கே நல்ல பெரிய பெட்ரோல் என்ஜினே போதும் என்பது பலர் ஒப்புக்கொள்ளத் தயங்கும் உண்மை.

ஆர்.பி.எம். கணக்கு

மாற்றம் முடிந்து ரோட்டில் இறங்கிய பிறகுதான் பலருக்கு இது உறைக்கிறது. பி7100 என்ற டீசல் பம்ப் உள்ள 12 வால்வு கம்மின்ஸில், வேகத்துக்கு வரம்பு கட்டும் கவர்னர் 2,500 ஆர்.பி.எம். பக்கத்திலேயே எரிபொருளைக் குறைக்கத் தொடங்கிவிடும். பழைய பெட்ரோல் டிரக்கில் பின்னாக்ஸில் விகிதம் 4.10, ஓவர்டிரைவ் (என்ஜின் சுற்றைக் குறைக்கும் மேல் கியர்) இல்லாத கியர்பாக்ஸ், 32 அங்குல டயர் என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 105 கி.மீ.யில் என்ஜின் சுமார் 2,850-ல் சுற்ற வேண்டும். கம்மின்ஸ் அங்கே போகவே போகாது. வண்டி 90 கி.மீ. சொச்சத்தில் சுவரில் முட்டியதுபோல நிற்கும். பம்பில் வலுவான கவர்னர் ஸ்பிரிங் போட்டு 3,000 வரை ஏற்றலாம் என்பார்கள். ஏற்றலாம்தான். ஆனால் 120 மி.மீ. ஸ்ட்ரோக் உள்ள என்ஜினை நாள் முழுக்க அந்த வேகத்தில் ஓட்டுவது டீசலையும் குடிக்கும், காதையும் கெடுக்கும்.

0.75 விகித ஓவர்டிரைவ் சேர்த்தால் அதே 4.10 ஆக்ஸிலோடு 2,140-க்கு இறங்கிவிடும். 3.54 ஆக்ஸில் என்றால் 1,850. இந்த என்ஜினுக்கு முறுக்குவிசை நன்றாகக் கிடைப்பது 1,600-க்கும் 2,200-க்கும் நடுவில். ஆகவே ஓவர்டிரைவ் உள்ள கியர்பாக்ஸ், அல்லது ஆக்ஸில்களில் கிரவுன்-பினியன் கியர் மாற்றம், இரண்டில் ஒன்று பட்ஜெட்டில் எழுதப்பட்டிருக்க வேண்டும். நான்கு சக்கர இயக்கம் உள்ள வண்டியில் இரண்டு ஆக்ஸிலையும் ஒரே விகிதத்துக்கு மாற்ற வேண்டும் என்பதை மறப்பவர்களும் இருக்கிறார்கள்.

கியர்பாக்ஸ் தாங்குமா

டீசலின் முறுக்குவிசை எண்ணைக் கியர்பாக்ஸின் தாங்குதிறனோடு ஒப்பிட்டால் போதும் என்று தோன்றும். எண் மட்டும் போதாது. பெரிய சிலிண்டர், அதிக அழுத்தம், குறைந்த வேகம். ஒவ்வொரு வெடிப்பும் கிராங்கை ஒரு தட்டு தட்டுகிறது. அந்தத் தட்டுதல்தான் கியர்பாக்ஸைத் தின்கிறது. இதற்கு நல்ல சாட்சி டாட்ஜில் வந்த ஐந்து வேகக் கைக்கியர் பெட்டியான என்வி4500. கம்மின்ஸுக்குப் பின்னால் இருக்கும்போது மெயின் ஷாஃப்ட்டின் கோடியில் ஐந்தாவது கியரைப் பிடித்திருக்கும் நட் மெல்ல மெல்லத் தளரும், கியர் பின்னால் நகரும், ஒரு நாள் ஓவர்டிரைவ் இல்லாமல் போகும். உறுதியான கியர்பாக்ஸ்தான் அது. இந்த ஒரு நட்டுக்கு மட்டும் மேம்பட்ட பூட்டு வகைகள் தனியாகவே விற்கின்றன. வெளியே இருக்கும்போதே அதைப் போட்டுவிடுவது புத்திசாலித்தனம்.

ஃபோர்டின் ஐந்து வேக இசட்எஃப் கியர்பாக்ஸில், என்ஜினோடு சேரும் முன்பகுதியான பெல்ஹவுசிங் கூட்டோடு சேர்த்தே வார்க்கப்பட்டிருக்கும், கழற்ற முடியாது. எனவே வேறு என்ஜினோடு சேர்க்க அடாப்டர் தட்டு வேண்டும். தட்டின் தடிமன் அளவுக்கு என்ஜின் முன்னே நகரும் அல்லது கியர்பாக்ஸ் பின்னே நகரும். கிளட்ச் ரிலீஸ் பேரிங், பைலட் பேரிங், புரொபெல்லர் ஷாஃப்ட் நீளம் எல்லாம் அதைத் தொடர்ந்து மாறும். தட்டின் மையமும் கிராங்கின் மையமும் மிகச் சிறிதளவு விலகினாலும் இன்புட் ஷாஃப்ட் பேரிங் சீக்கிரம் போகும். டயல் கேஜ் வைத்துச் சுற்றிப் பார்க்காமல் போல்ட் முடுக்கக் கூடாது.

ஆட்டோமேட்டிக் என்றால், கம்ப்யூட்டர் தொல்லை குறைந்தது 1994, 1995 டாட்ஜில் வந்த 47ஆர்எச். கியர் மாறுவது ஹைட்ராலிக் முறையில். ஓவர்டிரைவுக்கும் கன்வெர்ட்டர் லாக்கப்புக்கும் (டார்க் கன்வெர்ட்டரை நழுவாமல் பூட்டுவது) மட்டும் ஒயர் போதும். 1996-ல் வந்த 47ஆர்இ-யும், ஃபோர்டின் இ4ஓடி, 4ஆர்100 பெட்டிகளும் எலெக்ட்ரானிக் கட்டளை இல்லாமல் ஒழுங்காகக் கியர் மாற்றாது. பழைய என்ஜினின் கம்ப்யூட்டரைக் கழற்றிவிட்டு மெக்கானிக்கல் கம்மின்ஸ் போட்டால், பெட்டிக்கு மட்டும் தனிக் கன்ட்ரோலர் வாங்க வேண்டியிருக்கும்.

எந்த என்ஜின், எங்கே கடிக்கும்

12 வால்வு கம்மின்ஸ் மாற்றத்துக்கு ஏன் இவ்வளவு பிரியமானது என்பது எளிது. ஆறு சிலிண்டர் வரிசை, முழுக்க மெக்கானிக்கல், ஓட ஒரேயொரு 12 வோல்ட் ஒயர். அதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. என்ஜின் முன்பக்கத்தில் டைமிங் கியர்கள் உட்காரும் அலுமினிய ஹவுசிங். அதை பிளாக்கோடு நேராகப் பொருத்த ஒரு எஃகு டவல் பின், சுண்டுவிரல் நுனி அளவு. அதைப் பிடித்து வைக்க ஓட்டையின் இறுக்கத்தைத் தவிர வேறெதுவும் கிடையாது. வருடக்கணக்கான அதிர்வில் பின் மில்லிமீட்டர் மில்லிமீட்டராக வெளியே வந்து விழும். அதிர்ஷ்டம் இருந்தால் சம்பில் கிடக்கும். இல்லையென்றால் கேம் கியரின் பல்லுக்கு நடுவே மாட்டி ஹவுசிங்கையே உடைக்கும். தீர்வு மலிவு: முன் கவரைக் கழற்றி, பின்னைத் திரும்ப உள்ளே தட்டி, பக்கத்து போல்ட்டின் கீழ் ஒரு சிறு தகட்டை வைத்து ஓட்டையை மறைப்பது. ஹவுசிங் போல்ட்கள் ஒவ்வொன்றையும் நூல் பசை தடவி மறுபடி முடுக்குவது. என்ஜின் ஸ்டாண்டில் இருக்கும்போது அரை நாள் வேலை. வண்டிக்குள் போன பிறகு ஃபேன், ரேடியேட்டர், கிராங்க் புல்லி எல்லாம் கழற்ற வேண்டும்.

1998 நடுவில் வந்த 24 வால்வு என்ஜினில் விபி44 எலெக்ட்ரானிக் பம்ப். அதன் உயிர், டேங்கிலிருந்து டீசலை அனுப்பும் லிஃப்ட் பம்பின் கையில். முழுச் சுமையில் லிஃப்ட் பம்ப் அழுத்தம் 10 பிஎஸ்ஐ-க்குக் கீழே போய்க்கொண்டிருந்தால் விபி44 போதுமான குளிர்ச்சியும் மசகும் இல்லாமல் சாகும். பழைய வண்டியிலிருந்து எடுத்த பம்பை நம்பாமல் நல்ல லிஃப்ட் பம்பும் ஒரு அழுத்தமானியும் சேர்த்தே போடுவது நல்லது. பிளாக்கின் பக்கவாட்டில் 53 என்ற எண் வார்க்கப்பட்டிருந்தால் அந்த என்ஜினை விட்டுவிடலாம். தண்ணீர் ஓடும் சுவர் மெல்லியது, வெளிப்புறமாக விரிசல் விழும் வரலாறு உள்ளது.

2003-லிருந்து காமன் ரெயில், அதாவது எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே உயரழுத்தக் குழாயிலிருந்து டீசல் போகும் முறை. திறனும் அமைதியும் கூடியது, ஆனால் டீசலின் சுத்தம் சமரசமே இல்லாத விஷயமாகிவிட்டது. ரெயில் அழுத்தம் 1,600 பார் வரை போகும். அந்த அழுத்தத்தில் ஒரு தூசித் துகள் இன்ஜெக்டரை அரித்துவிடும். ஜெனரல் மோட்டார்ஸ் டியூராமேக்ஸின் முதல் தலைமுறையான எல்பி7-ல் இன்ஜெக்டர்கள் வால்வு கவருக்கு அடியில் இருக்கும். கசிந்தால் டீசல் நேராக என்ஜின் ஆயிலில் கலக்கும். ஆயில் மட்டம் தானாக உயர்ந்திருந்தால் அது நல்ல செய்தி இல்லை.

ஃபோர்டின் 7.3 பவர் ஸ்ட்ரோக், ஆயில் அழுத்தத்தால் இன்ஜெக்டரை இயக்கும் வகை. மெதுவானது, கனமானது, பொறுமையானது. கேம் சென்சார் போனால் நடுரோட்டில் நின்றுவிடும் என்பது தவிர்த்துப் பெரிய குறையில்லை. கையுறைப் பெட்டியில் ஒரு சென்சார் வைத்திருந்தால் தீர்ந்தது. அடுத்து வந்த 6.0 லிட்டர்தான் மாற்றம் பற்றிய பேச்சுகளில் பாதியைக் கிளப்பியது. சிலிண்டரைச் சுற்றி 7.3-ல் ஆறு ஹெட் போல்ட், 6.0-ல் நான்கு. ஆயில் கூலர் அடைத்தால் அதற்கடுத்து இருக்கும், என்ஜினுக்குத் திரும்பும் புகையைக் குளிர்விக்கும் ஈஜிஆர் கூலருக்குத் தண்ணீர் குறையும். அது வெடித்தால் தண்ணீர் சிலிண்டருக்குள் போகும், அழுத்தம் ஏறி ஹெட் தூக்கும்.

இங்கேதான் முக்கியமான கேள்வி. 6.0-வின் நோய்களுக்கு மருந்து தெரிந்தாகிவிட்டது: ஹெட் போல்ட்டுக்குப் பதிலாக வலுவான ஹெட் ஸ்டட், புதிய ஆயில் கூலர், நல்ல ஈஜிஆர் கூலர், இன்ஜெக்டருக்கு மின்சாரம் கொடுக்கும் மாட்யூல் 48 வோல்ட் கொடுக்கிறதா என்ற சோதனை. ஹைவேயில் ஆயில் வெப்பம் தண்ணீர் வெப்பத்தைவிட 8 டிகிரி செல்சியஸுக்கு மேல் கூடிப்போனால் கூலர் அடைக்கிறது என்று அர்த்தம், அதுவே எச்சரிக்கை மணி. பிளாக் நல்லதாக இருந்தால் இந்தப் பழுது, வேறு என்ஜினுக்கு மாற்றும் முழுச் செலவைவிட ஏறக்குறைய எப்போதும் குறைவுதான். மாற்றத்தில் என்ஜின் விலை மொத்தச் செலவில் பாதியைத் தாண்டாது. மீதி, பட்டியலில் எழுதாத ஹோஸ், பிராக்கெட், சென்சார், வெல்டிங், நாட்கள்.

எடை, சூடு, பிரேக்

12 வால்வு கம்மின்ஸ் திரவங்கள் இல்லாமலே சுமார் 500 கிலோ. 7.3 பவர் ஸ்ட்ரோக் 420-ஐ ஒட்டி. ஃபோர்டின் பெரிய 460 பெட்ரோல் என்ஜின் சுமார் 325. பெட்ரோலிலிருந்து வருகிறவர் முன்னாக்ஸிலில் 175 கிலோவும், இரண்டாவது பேட்டரி, இன்டர்கூலர் எடையும் ஏற்றுகிறார். முன் ஸ்பிரிங் பட்டை மாற்ற வேண்டும், பால் ஜாயின்ட் தேய்வது வேகமாகும். இதைவிட முக்கியம், கதவு ஓரத்து லேபிளில் அச்சிட்ட மொத்த எடை வரம்பு என்ஜின் மாறியதால் ஒரு கிலோகூட ஏறாது. என்ஜின் கூடியதெல்லாம் சுமக்கும் திறனிலிருந்து கழியும். ஐந்தாம் சக்கர டிரெய்லர் (டிரக்கின் பின்தளத்துக்குள்ளேயே கொக்கியிடும் வகை) தன் எடையில் 20 முதல் 25 சதவீதத்தை டிரக்கின் மேல் ஏற்றும். முக்கால் டன் வண்டியில் அந்த வரம்பு எவ்வளவு சீக்கிரம் தீர்ந்துபோகும் என்று எழுதிப் பார்த்தால் திடுக்கிடும்.

புதிய டிரக்குகளின் இழுவை எண்ணுக்கு எஸ்ஏஇ ஜே2807 என்ற சோதனை முறை உண்டு. அரிசோனாவில் டேவிஸ் அணையருகே 18 கி.மீ. ஏற்றத்தை, 38 டிகிரி செல்சியஸ் வெயிலில், ஏசியை முழுதாகப் போட்டுக்கொண்டு, பக்கத்துக்கு ஒரு பின்சக்கரம் உள்ள வண்டி 64 கி.மீ. வேகத்துக்குக் குறையாமல் ஏற வேண்டும். நான்கு பின்சக்கரம் என்றால் 56. கொல்லையில் என்ஜின் மாற்றிய வண்டிக்கு இந்தச் சோதனையை யாரும் செய்துதர மாட்டார்கள். ஆகவே குளிர்விப்பில் கஞ்சத்தனம் கூடாது. மேலே போட்ட ஏற்றக் கணக்கில் ரேடியேட்டர் மட்டும் நூறு கிலோவாட்டுக்கு மேல் சூட்டை வெளியேற்ற வேண்டியிருக்கும். கம்மின்ஸின் ஃபேன் பழைய ரேடியேட்டரின் மையத்துக்கு நேராக வராது. ஃபேன் கவசத்தை வெட்டி மறுபடி செய்யாமல், சின்ன எலெக்ட்ரிக் ஃபேன் இரண்டை மாட்டிச் சமாளித்தவை வெறும் வண்டியாக நன்றாக ஓடும், ஏற்றத்தில் கொதிக்கும். எக்ஸாஸ்ட் சூட்டைக் காட்ட டர்போவுக்கு முன்னால் ஒரு வெப்பமானி அவசியம். அலுமினிய பிஸ்டனுக்குத் தொடர்ந்து 675 டிகிரி செல்சியஸுக்கு மேல் போகாமல் பார்த்துக்கொண்டால் நிம்மதி.

இறக்கம் ஏற்றத்தைவிட ஆபத்து. டீசலில் பெட்ரோல்போலக் காற்றை அடைக்கும் தட்டு இல்லை, காலை எடுத்தால் வண்டி தானாக அவ்வளவாகப் பிடிக்காது. புகை வழியை அடைத்து என்ஜினால் வேகம் குறைக்கும் எக்ஸாஸ்ட் பிரேக் போட்டே ஆக வேண்டும். 12 வால்வில் அதைப் போடும்போது அசல் வால்வு ஸ்பிரிங்குகள் பின்னழுத்தத்துக்குத் தோற்றுப்போய் எக்ஸாஸ்ட் வால்வைத் திறக்கவிடும் என்பதால் 60 பவுண்டு ஸ்பிரிங்குகளும் சேர்த்து மாற்றுவது வழக்கம். ஆட்டோமேட்டிக் பெட்டியில் கன்வெர்ட்டர் லாக்கப் இல்லாமல் எக்ஸாஸ்ட் பிரேக்குக்குப் பலன் குறைவு. பெட்ரோல் வண்டியில் பிரேக் பூஸ்டர் என்ஜினின் வெற்றிடத்தில் வேலை செய்யும். டீசலில் அது கிடையாது. வெற்றிடப் பம்ப் வேண்டும், இல்லாவிட்டால் ஸ்டீயரிங் பம்பின் அழுத்தத்தில் ஓடும் ஹைட்ரோபூஸ்ட் வேண்டும்.

ஒயரும் காகிதமும்

ஒரே ஒயரில் ஓடும் என்றேன். அந்த ஒயரிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. பி7100 பம்பை நிறுத்தும் சோலனாய்டில் இரண்டு சுருள்கள். ஒன்று இழுக்க, மற்றது பிடித்து வைக்க. இழுக்கும் சுருள் பெருங்கரண்ட் குடிக்கும், அதற்கு செல்ஃப் அடிக்கும் சில நொடிகள் மட்டும், அதுவும் ரிலே வழியாக, கரண்ட் போக வேண்டும். இக்னிஷனில் நிரந்தரமாகக் கொடுத்தால் சுருள் எரியும், புதிய சோலனாய்டும் எரியும், மூன்றாவதும் எரியும். காற்றைச் சூடாக்கும் கிரிட் ஹீட்டர் இரண்டும் சேர்ந்து 190 ஆம்பியர் பக்கம் இழுக்கும். பெட்ரோல் வண்டியின் கேபிளை நம்பிவிடக் கூடாது. டாட்ஜ் ஆல்டர்னேட்டரின் வோல்டேஜை அந்த வண்டியின் கம்ப்யூட்டர்தான் கட்டுப்படுத்தும் என்பதால் வேறு வண்டியில் வெளி ரெகுலேட்டர் தேவை. டீசல் டேங்க், பைப் எதிலும் துத்தநாகப் பூச்சு இருக்கக் கூடாது. டீசலோடு வினைபுரிந்து இன்ஜெக்டரை அடைக்கும். காமன் ரெயில் என்ஜினுக்கு இந்த எளிமை இல்லை. கம்ப்யூட்டர், முழு ஹார்னஸ், பெடல், சாவித் திருட்டுத் தடுப்பு வரை தானம் கொடுக்கும் வண்டியிலிருந்தே எடுக்க வேண்டும். என்ஜின் மட்டும் வாங்குவதைவிட மோதி நொறுங்கிய முழு வண்டியையே வாங்குவது சிக்கனம் என்று சொல்வது இதனால்தான். அதுபோக, ஓடும் நிலையில் பார்த்து வாங்கலாம்: பிரீதரில் (என்ஜினின் காற்றுப்போக்குக் குழாய்) புகை தள்ளுகிறதா, குளிர்ந்த நிலையில் எப்படி ஸ்டார்ட் ஆகிறது, தண்ணீரில் ஆயில் மிதக்கிறதா என்று.

சட்டத்தைப் பலர் கடைசியில் யோசிக்கிறார்கள். அமெரிக்காவின் தூய காற்றுச் சட்டத்தின்படி, என்ஜின் மாற்றிய வண்டி, அதே ஆண்டு அல்லது அதற்குப் பிந்தைய ஆண்டின் சான்றளிக்கப்பட்ட ஏதோ ஒரு அமைப்புக்கு, புகைக் கட்டுப்பாட்டுப் பாகங்கள் உட்பட, ஒத்திருக்க வேண்டும். 2004 ஃபோர்டில் 1997-ன் 12 வால்வைப் போடுவது இதில் அடிபடும். எத்தனை பேர் போட்டிருக்கிறார்கள் என்பது விடையாகாது. அப்படிப்பட்ட வண்டிக்கு, அதே ஆண்டோ அதற்குப் பின்னோ வந்த என்ஜினை அதன் எல்லாப் பாகங்களோடும் போடுவதே வழி. கலிபோர்னியாவில் 1998 முதலான, 14,000 பவுண்டு வரையிலான டீசல் வண்டிகளுக்குப் புகைச் சோதனை உண்டு. என்ஜின் மாற்றியவை ரெஃப்ரீ எனப்படும் அந்தச் சோதனைத் திட்டத்தின் சிறப்பு ஆய்வு மையத்தில் காட்டப்பட வேண்டும். விற்கும்போது வாங்குபவர் கேட்கும் முதல் கேள்வியும் இதுவே.

ஆகவே என் கணக்கு இப்படி. பிளாக் நல்லதாக இருந்து நோய் தெரிந்ததென்றால் அதே என்ஜினைச் சரிசெய்வது. பிளாக் போயிருந்தால் அதே வகை ரீபில்ட். மாற்றம் நியாயமாவது, 1980களின் பெட்ரோல் டிரக், நல்ல சேசிஸ், முழு தானவண்டி, ஆறு மாதம் வேறு வண்டி ஓட்ட வசதி, இவை ஒன்றுசேரும்போது. சம்பாதித்துக் கொடுக்கும் வண்டியை நிறுத்திவைத்துச் செய்யும் மாற்றத்தில் நின்ற நாட்களே பெரிய செலவு.

செய்வதென்று முடிவானால், முதல் ஓட்டம் டிரெய்லர் இல்லாமல். 150 கி.மீ.க்குப் பிறகு மவுண்டிங் போல்ட், அடாப்டர் போல்ட், டர்போ கிளாம்ப், எல்லா டீசல் இணைப்பும் கைவைத்துப் பார்க்க வேண்டும். புரொபெல்லர் ஷாஃப்ட் கோணத்தை அளக்க வேண்டும். யு-ஜாயின்ட் கோணங்கள் முன்னும் பின்னும் ஏறத்தாழ சமமாக, 3 டிகிரிக்குள் இருந்தால் நல்லது. என்ஜினை உட்காரவைக்கும்போது சம்ப் முன்னாக்ஸிலில் இடிக்கிறதே என்று ஒரு அங்குலம் தூக்கியிருந்தால், அதன் விளைவு 80 கி.மீ. வேகத்தில் சீட்டுக்கடியில் ஒரு நடுக்கமாகத் தெரியும். பாரம் கட்டுவதற்கு முன் அதைத் தீர்த்துவிட வேண்டும்.